ஸ்டெல்லா அணைக்கவில்லை

ஆலைகளின் கருவிகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச என்னை அழைத்தவர்கள், நான் சாதித்ததைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லப்போவது, போடக்கூடாத இடத்தில் போட்ட ஒரு கையெழுத்தையும், அதைத் திரும்பப் பெறுவதற்குப் பட்ட பாட்டையும். இதைச் சொன்னால் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; இனி என்னை எந்த அறைக்கும் மாற்ற முடியாது.

குன்னத்துகால் பக்கம் ஒரு ரப்பர் பால் ஆலை. தோட்டங்களிலிருந்து வரும் பாலை வாங்கி, கெட்டியாக்கி, கையுறை செய்கிறவர்களுக்கு அனுப்புவோம். மரத்திலிருந்து இறக்கிய பாலைச் சும்மா விட்டால் சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும். கட்டியாகாமல் இருக்க அமோனியா கலக்க வேண்டும். அந்த அமோனியா வெளியே கசிந்தால், பக்கத்தில் நிற்கும் ஆளின் கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடும்.

எங்கள் ஆலையின் நடுவே பஞ்சாயத்துச் சாலை போகிறது. இந்தப் பக்கம் கட்டிடமும் கண்ட்ரோல் ரூமும். அந்தப் பக்கம் பால் தொட்டிகளும் அமோனியாவும் இருக்கும் டேங்க் யார்டு. சாலையைத் தோண்டிக் கேபிள் போட அனுமதி வர நாளாகும் என்றார்கள். அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வயர்லெஸ் பெட்டிகளை வைத்தோம். வீட்டில் வைத்திருக்கும் வைஃபை பெட்டியைப் போன்றதுதான், ஆனால் ஆலைக்கென்று செய்தது. வெயில், மழை, அதிர்வு எல்லாம் தாங்கும் என்று அதன் புத்தகத்தில் எழுதியிருந்தது. தாங்கவும் செய்தது.

டேங்க் யார்டில் உள்ள சென்சார் காற்றில் எவ்வளவு அமோனியா என்று அளக்கும். அந்த எண், பெட்டிகள் வழியாகச் சாலையைத் தாண்டி கண்ட்ரோல் ரூம் திரைக்கு வரும். எண் ஏறினால் கண்ட்ரோல் ரூமிலிருந்து கட்டளை அதே வழியாகத் திரும்பிப் போய், டேங்க் யார்டு சைரன் அலறும். இந்த ஏற்பாட்டை வரைந்தது நான். பெட்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்வியை வரைபடத்தில் நான் எழுதவே இல்லை. எண் வராவிட்டால் திரை என்ன காட்டும்? கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அதை எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் ராஜனின் உடம்பு சொல்லித்தந்தது.

ராஜன் டேங்க் யார்டில் வேலை பார்த்தவர். அன்று அமோனியா ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தபோது இணைப்பு விலகியது. காற்று அவர் நின்ற பக்கமாக அடித்தது. ஓடப்பார்த்து, கண் தெரியாமல் தொட்டிச் சுவரில் மோதி விழுந்தார். கூட இருந்தவர்கள் நனைந்த துணியை முகத்தில் கட்டிக்கொண்டு போய் இழுத்து வந்து, குழாயடியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பிறகு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதற்கு மாலையாகிவிட்டது. அவ்வளவு நேரமும் என் மனதில் ஒரே கேள்விதான். சைரன் ஏன் அலறவில்லை?

கண்ட்ரோல் ரூமில் இருந்தது ஸ்டெல்லா. முப்பது வயதுக்குள் இருக்கும். பழைய மிஷன் சபைக் குடும்பம், பாறசாலையில் வீடு. மூன்று வருடமாக அந்த நாற்காலியில் இருந்தாள். விசாரணை என்று முதலாளியின் அறையில் அவளை நிற்கவைத்துத்தான் கேட்டோம். நிற்கவைத்து என்பதைக் கவனியுங்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நான் இருந்த இடத்துல இருந்து எழும்பல்ல. ஸ்கிரீன்ல ரெண்டுன்னுதான் கிடந்தது. ஆனா ஒரு காரியம் உண்டு. அந்த நம்பர் எப்பவும் ஆடிக்கிட்டே நிக்கும். அன்னைக்கு ஆடல்ல."

"ஆடல்லன்னா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாறி மாறி வருமில்லியா? அன்னைக்கு ரெண்டுலயே நின்னுட்டு. வெளிய காத்து இல்லாததாக்கும்னு நெனச்சேன்."

நான் தலையாட்டினேன். எழுதிக்கொள்ளவில்லை.

பெட்டியை விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். கண்ட்ரோல் ரூம் சுவரில் இருந்த பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு வரிதான் இருந்தது. மின்சாரம் போய் வந்திருக்கிறது. பெட்டிக்கான ஸ்விட்ச், ஸ்டெல்லாவின் நாற்காலிக்குப் பக்கத்து போர்டில் இருந்தது. அதே போர்டில் அவள் கைபேசி சார்ஜரும் தொங்கிக்கொண்டிருந்தது. "ஆரோ ஆஃப் செய்ததாணு" என்று, யாரோ அணைத்ததுதான் என மலையாளத்தில் சொல்லிவிட்டு, டெக்னீஷியன் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

நான் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். "பணியில் இருந்தவர் தமது கைபேசியை மின்னூட்டுவதற்காகப் பெட்டியின் மின் இணைப்பைத் துண்டித்திருக்க வாய்ப்புள்ளது." அந்த 'வாய்ப்புள்ளது' என்ற சொல்லை நன்றாகப் பாருங்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு மறைப்பு. உறுதியாகச் சொல்லவில்லையே என்று பிறகு தப்பிக்கலாம். வாசிக்கிற முதலாளிக்கு அது தீர்ப்பு. அன்று மாலையே ஸ்டெல்லா வேலையை விட்டு அனுப்பப்பட்டாள். போகும்போது என் மேசைக்கு வந்து, சண்டை எதுவும் போடாமல், "நான் அணைக்கல்ல அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் சாவிக்கொத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.

அந்தப் பதிவில் இருந்த வரியை உண்டாக்கியது யார் என்று பிறகு தெரிந்தது. விபத்து நடந்த பரபரப்பில், வேலை செய்யாத பெட்டியை உயிர்ப்பிக்க எங்கள் எலெக்ட்ரீஷியனே ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டிருக்கிறார். பெட்டியின் பழைய பதிவெல்லாம் அதோடு அழிந்துபோயிற்று. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பதில் கையில் இருந்ததால் எனக்குக் கேள்வி தோன்றவில்லை.

ஸ்டெல்லாவின் இடத்துக்கு ஆள் வரும்வரை அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். சில வாரங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்குச் சற்று முன்பு. திரையில் மூன்று என்று இருந்தது. நான் வேறொரு தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். மூன்று. தண்ணீர் குடித்தேன். மூன்று. 'அந்த நம்பர் ஆடிக்கிட்டே நிக்கும்' என்று ஸ்டெல்லா சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அவள் சொல்லி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. பெட்டியின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் தொட்டிக்குள் அமோனியா விட்டுக்கொண்டிருந்தார்கள். கசிவு இருக்கிறதா இல்லையா? தெரியாது. என் கண் முன்னால் இருந்தது பழைய எண்.

டேங்க் யார்டுக்கு போன் போட்டேன். ஃபோர்மேன் எடுத்தார்.

"வால்வை அடைச்சுட்டு எல்லாரும் ரோட்டுக்கு வாங்க. இப்பவே."

"அக்கா, பாதிதான் ஆயிருக்கு. இப்ப விட்டா பாலு ஒக்க கட்டியாப் போவும்."

"போவட்டும். ஆளு வெளிய வரணும்."

வந்தார்கள். முதலாளியும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியபடி கண்ட்ரோல் ரூம் படியேறி வந்த வேகத்திலேயே கேட்டார்.

"லீக் உண்டா?"

"தெரியாது."

"தெரியாம எதுக்கு நிறுத்தினிய?"

"தெரியாததுனாலதான் நிறுத்தினேன்."

போய்ப் பார்த்தோம். கசிவு இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டதும் எண் மறுபடி ஆடத் தொடங்கியது. அதற்குள் ஒரு தொட்டிப் பால் கெட்டியாகிவிட்டது. இரண்டு நாள் ஆட்கள் உள்ளே இறங்கி, கத்தியால் வெட்டி வெட்டி எடுத்தார்கள். வெட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதலாளி என்னைப் பார்ப்பார். நானும் அவரைப் பார்ப்பேன். இன்றும் அதே நிலைமை வந்தால் அதே வால்வைத்தான் அடைக்கச் சொல்வேன். உங்களுக்கும் ஒரு நாள் வரும். கசிவு இல்லை என்று பிறகு தெரிந்தால், உங்களைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அன்று பிற்பகலே, யாரிடமும் கேட்காமல், டேங்க் யார்டு சென்சாரிலிருந்து சைரனுக்கு நேரடியாக வயர் இழுத்தேன். இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. நாலு மீட்டர் வயர். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

பெட்டி விற்றவர்களுக்கு போன் செய்தேன். இடி மின்னலாக இருக்கும் என்றார்கள். அன்று வானம் வெளுத்துக் கிடந்தது என்றேன். எர்த்திங் சரியில்லாமல் இருக்கலாம் என்றார்கள். எர்த்திங்கை அளந்தேன், சரியாக இருந்தது. அடுத்த செவ்வாயும் பதினொரு மணிவாக்கில் எண் நின்றது. இந்த முறை நான் பெட்டியைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வாசலில் எடைமேடை. அதன்மேல் நீல நிற டாங்கர் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையிலிருந்து வாரம் ஒருமுறை பால் கொண்டுவரும் லாரி அது; விபத்துக்குப் பிறகு சில வாரம் வராமல் இருந்து, இப்போதுதான் மறுபடி வரத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் பெயர் தங்கராஜ். எடை போட்டதும் எடைச் சீட்டைப் படம் பிடித்து அனுப்ப, அவருடைய கம்பெனி விபத்து நடந்த வாரம்தான் ஒரு பழைய டேப்லட் கொடுத்திருந்தது. மலிவானது, மூலையில் கண்ணாடி உடைந்தது. எடைமேடையில் ஏறியதும்தான் அதை ஆன் செய்வார்.

"தங்கராஜ் அண்ணா, வியாழக்கிழமை இந்த வழியா வாறியளா?"

"பாறசாலைக்குப் போற வழிதானே, வாறேன். என்ன விசயம்?"

"வந்து, இஞ்ச நின்னு, அந்த டேப்லட்ட ஒருக்கா ஆன் செய்யணும். அம்புட்டுதான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் வியாழக்கிழமை வந்தார். டேங்க் யார்டில் வேலையை நிறுத்திவைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்தேன். அவர் டேப்லட்டை ஆன் செய்தார். திரையில் எண் நின்றது. பெட்டியை அணைத்துப் போட்டேன், ஆடியது. அவர் மறுபடி ஆன் செய்தார். நின்றது. மூன்றாவது முறையும் நின்றது.

கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னதும் தங்கராஜ் டேப்லட்டைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு பாட்டு ஒழுங்கா ஓடாது. இதா ஃபாக்டரிய நிறுத்துது? நான் ஒண்ணும் செய்யல்ல கேட்டியளா. எனக்க மேல போட்டுராதிய."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் குத்தியது. பெட்டி நின்றால் பழி ஓர் ஆளின் தலையில் விழும் என்று லாரி ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

நடந்தது இதுதான். வைஃபை உள்ள எந்தக் கருவியும் ஆன் ஆனதும், பக்கத்தில் என்ன இணைப்பு இருக்கிறது என்று சுற்றிலும் ஒரு சிறு விசாரிப்பை அனுப்பும். தங்கராஜின் டேப்லட் அந்த விசாரிப்பைக் குளறுபடியாக அனுப்பியது. குளறுபடியானதைத் தள்ளிவிட எங்கள் பெட்டிக்குத் தெரியவில்லை. அதை விழுங்கிவிட்டு, விளக்கைப் பச்சையாக வைத்துக்கொண்டே செத்துப்போனது. கடவுச்சொல் வேண்டாம், உள்ளே நுழைய வேண்டாம், ஒன்றையும் திருட வேண்டாம். சாலையில் நின்று ஒரு தப்பான கேள்வி கேட்டாலே போதும். ஓர் உடைந்த டேப்லட் தெரியாமல் செய்ததை, வேண்டுமென்று ஒருவன் செய்தால்? இதே பெட்டிகள் துறைமுகங்களில் கிரேன்மேல் இருக்கின்றன, தண்ணீர் நிலையங்களில் இருக்கின்றன. அன்று மாலையே இதைப் பெட்டி விற்றவர்களுக்குப் போனில் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பாறசாலை போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு துணிக்கடையில் ஸ்டெல்லா விற்பனைக்கு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும், வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிய சேலையை மடித்து முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "மன்னிச்சுரு ஸ்டெல்லா" என்றேன்.

"அது வேண்டாம் அக்கா. அத வச்சு நான் என்ன செய்ய? சபையில ஆளுக என்னைக் கண்டா பேச்ச நிறுத்துதாவ. ராஜன் அண்ணனுக்க வீட்டுக்காரி எனக்க மூஞ்சியில முழிக்கியதில்ல. நீங்க எழுதின பேப்பரு அஞ்ச ஃபாக்டரியில கிடக்கு. அத மாத்துங்க."

"மாத்துதேன்."

"சொல்லாண்டாம். எழுதுங்க." அவள் திரும்பிப் போய் அடுத்த சேலையை விரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் மூன்று வரி எழுதி முதலாளியின் மேசையில் வைத்தேன். என் அறிக்கை தவறு. பெட்டியில் குறை இருக்கிறது, நிரூபிக்க முடியும். ஸ்டெல்லா அணைக்கவில்லை. முதலாளி வாசித்தார். தாளைத் திரும்ப என் பக்கமாகத் தள்ளினார்.

"பெட்டி வித்த கம்பெனிக்காரன் புதன்கிழமை வாறான். அதுவரை இது உங்க கையில இருக்கட்டும்."

புதன்கிழமை கொச்சியிலிருந்து அவர்களுடைய வட்டார மேலாளர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. பாதி மலையாளம், பாதி ஆங்கிலம். எங்கள் பெட்டிகள் எல்லாவற்றையும் வேறு வகைப் பெட்டிகளாக மாற்றித் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு ஒரு காகிதம். 'அனுமதியில்லாத கருவி அருகில் இருந்ததாலும், பணியாளரின் கவனக்குறைவாலும்' நடந்தது என்று ஒப்புக்கொண்டு, இதை வெளியே பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி பேனாவை எடுத்துவிட்டார்.

"பணியாளருன்னா ஆரு?" என்று கேட்டேன்.

"அது... பழைய ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதினதுதானே மேடம்" என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே. என் சொல்லையே எடுத்து என்மேல் எறிந்தார். தப்பாக எழுதினால் இதுதான் நடக்கும். அது நம்மோடு நிற்காது. அதை எடுத்துப் பயன்படுத்த ஆள் காத்திருக்கும்.

"சார், கையெழுத்துக்கு முன்ன அஞ்சு நிமிசம் கண்ட்ரோல் ரூமுக்கு வாங்க" என்றேன்.

அவரை ஸ்டெல்லாவின் நாற்காலியில் உட்காரவைத்தேன். "உங்க கைய இந்த ஸ்விட்ச் மேல வையுங்க. ஆரும் தொடாம நீங்களே பாத்துக்கிடுங்க" என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஸ்விட்சைக் கைகாட்டினார். மேலாளர் கையை வைத்தார். திரையில் எண் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று.

ஆலை மதிலுக்கு வெளியே, சாலையோரச் சாயாக்கடையில் தங்கராஜ் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன். டேங்க் யார்டு ஆட்களையும் அன்று முற்பகல் வெளியே நிறுத்தியிருந்தேன். போனில், "அண்ணா, ஆன் செய்யுங்க" என்றேன்.

இரண்டு. இரண்டு. இரண்டு.

மேலாளர் காத்திருந்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டு. பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"ஸ்விட்ச அணைச்சது ஆரு சார்?" என்று கேட்டேன். "உங்க கைதான் மேல இருக்கு. உங்க பேர எழுதட்டா?"

அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், இது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது" என்றார்.

"இது ரோட்டுல இருந்து உள்ள வந்தது சார். அறைக்குள்ள எப்படிப் பூட்டுவிய?"

முதலாளி கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். அவருக்கு இரண்டு பக்கமும் பயம். வாங்குகிறவர்கள் கேள்விப்பட்டால் ஆலைக்குக் கெட்ட பெயர் என்றார். "இது நம்ம ஆளுக்க காரியம் மட்டும் இல்ல பிரேமா, பெரிய இடத்துக் காரியம். விட்டுருங்க" என்றார். நான் விடவில்லை. கணினிக் குறைபாடுகளைப் பதிவு செய்கிற அரசு அமைப்புக்கு எல்லாவற்றையும் எழுதினேன். எப்போது நின்றது, எதனால் நின்றது, எப்படி மறுபடி செய்து பார்க்கலாம் என்று. அப்படிச் செய்யப்போகிறேன் என்று பெட்டி விற்றவர்களுக்கும் முன்கூட்டியே எழுதினேன், திருத்துவதற்கு அவர்களுக்கும் அவகாசம் வேண்டுமல்லவா. ஊரெல்லாம் பறையடிக்கவில்லை. மறைக்கவும் இல்லை.

அவர்களிடமிருந்து பதிலாக வக்கீல் கடிதம் வந்தது. அவர்கள் பெயரைக் கெடுக்கிறேனாம். எழுதியதை உடனே திரும்பப் பெற வேண்டுமாம். அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அமரவிளை வீட்டில் என் கணவர், "இனி கொஞ்ச நாள்தானே சர்வீஸ் கிடக்கு, சும்மா இருந்தா என்ன?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் பதில் கடிதம் எழுதினேன். 'நான் எழுதியதில் எந்த வரி பொய் என்று காட்டுங்கள். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.' அதற்குப் பிறகு வக்கீலிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆலையில் என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். ஸ்பேர் பார்ட்ஸ்களுக்கு நம்பர் ஒட்டுகிற வேலை. கண்ட்ரோல் ரூமுக்குள் போகக்கூடாது என்று உத்தரவு. நான் தினமும் நேரத்துக்கு வந்தேன், நம்பர் ஒட்டினேன், சாப்பிட்டேன், போனேன். முன்பு கூடச் சாப்பிட்டவர்களில் சிலர் வேறு மேசைக்கு மாறினார்கள். ஸ்டெல்லாவைக் கண்டால் சபையில் பேச்சு நின்றது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது ஓரளவு விளங்கியது. ஓரளவுதான். எனக்குச் சம்பளமாவது வந்தது.

அந்த ஸ்டோர் ரூமில் ஏழு மாதம் இருந்தேன். எட்டாம் மாதம் அரசு அமைப்பின் அறிவிப்பு வெளியானது. பெட்டியின் வகை, குறையின் தன்மை, வானலை எல்லைக்குள் நிற்கும் எவரும் எந்த அனுமதியும் இல்லாமல் இதை நிறுத்திவிட முடியும், நின்றால் கையால்தான் எழுப்ப வேண்டும், புதிய மென்பொருளை உடனே ஏற்றவும். அவ்வளவுதான். என் பெயர் இல்லை, ஆலையின் பெயர் இல்லை. பெட்டியைச் செய்து விற்ற அவர்களே திருத்தத்தையும் வெளியிட்டிருந்தார்கள். 'குறையே இல்லை' என்று எட்டு மாதம் சொன்னவர்கள், அந்தக் குறையை எப்படிச் சரிசெய்வது என்று அழகாகப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள்.

அதை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைத்தேன். கூடவே, அத்தனை மாதமும் பையில் கிடந்த அந்த மூன்று வரித் தாளையும் வைத்தேன். அவர் இரண்டையும் வாசித்தார். பிறகு ஃபைலைத் திறந்து, என் பழைய அறிக்கையின்மேல் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அந்தப் பெண்ணு திரும்ப வருமா? கேளுங்க" என்றார்.

கேட்டேன். ஸ்டெல்லா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஃபைலுக்குள்ள எழுதினது எனக்கும் உங்களுக்கும் முதலாளிக்கும் தெரியும். என்னைப் பழிச்சவிய அத்தன பேரும் கேண்டீன்ல இருந்தாக்கும் பழிச்சது. அதே கேண்டீன்ல நீங்க வாசிக்கணும். நானும் அஞ்ச நிப்பேன்."

அவளைத் திரும்ப வேலைக்குச் சேர்த்த நாளில், காலைச் சாயா நேரத்தில், கேண்டீனில் எழுந்து நின்றேன். ஸ்டெல்லா வாசல் பக்கம் சுவரோடு நின்றிருந்தாள். பெட்டி விற்றவர்களிடமும் வக்கீலிடமும் நிமிர்ந்து பேசியவளுக்கு, எழுபது எண்பது பேர் சாயா கிளாஸோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் தலை நிமிரவில்லை. எதிராளியை எதிர்ப்பது சுலபம் என்று அன்று தெரிந்துகொண்டேன். தாளை விரித்து வாசித்தேன்.

"நான் எழுதிய அறிக்கை தவறு. பெட்டியில் குறை இருந்தது. ஸ்டெல்லா அணைக்கவில்லை. எண் ஆடவில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் அதைக் கேட்டும் எழுதவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்கள் தாளில் இருக்கவில்லை. வாயில் வந்தன.

கேண்டீனில் சலசலப்பு எழுந்தது. பின் வரிசையில் ஒருவர் பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்தார். ராஜன். அந்த விபத்துக்குப் பிறகு அவர் தொண்டையிலிருந்து காற்று பாதி, பேச்சு பாதியாகத்தான் வரும். கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கரகரத்த குரலில் சொன்னார்.

"அக்கா, பொறத்த, வெளிய இருக்கியவியளுக்குக் கேக்கல்ல. இன்னும் ஒருக்க வாசியுங்க. ஒறக்க, சத்தமா."

இரண்டாம் முறை, சாலைக்கு அந்தப் பக்கம் டேங்க் யார்டில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தேன்.